சிவப்பு வெண்கட்டி

புத்தளத்திலிருந்து



குதிரைமலைச் செம்மண் துணியில் ஒட்டினால் இலேசில் போகாது. இதை எழுதுகிறவரின் சட்டைக் கையே சாட்சி. பழங்கதையில் இளவரசன் விஜயனோடு இலங்கைக்கு வந்தவர்கள் களைத்துத் தரையில் கையூன்ற, உள்ளங்கை செம்பு நிறமானதாம். அதனால் அந்த இடத்துக்குத் தம்பபண்ணி என்று பெயர் வந்தது என்கிறது மகாவம்சம். அந்தக் கரை இதுதான் என்பாருண்டு. எந்தக் கரையானாலும் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு.

லியொனார்டோ டாவின்சியின் விரலில் ஒட்டியதும் அதே இரும்புச் சிவப்புதான். தூரின் நகரில் இருக்கிற அவருடைய படத்தின் தாடிக்கார முதியவர் (லியொனார்டோ தம்மையே வரைந்துகொண்டது என்று பலர் நம்புகிறார்கள்) சுமார் 1512இல் சிவப்புச் சோக்கில் பிறந்தவர். சோக்குக்கு இலங்கைத் தமிழில் வெண்கட்டி என்று பேர். சிவப்பு வெண்கட்டி என்றால் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று அது தொழிற்சாலைப் பொருளல்ல. இரும்பேறிய களிக்கல்லை வெட்டிச் சீவிய குச்சி.

அந்தக் குச்சிக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. கூர் சீக்கிரம் மழுங்கும். அதனால் இமைக்கும் உதட்டுக்கும் புதுக்கூர். தலைமுடிக்கும் அங்கிக்கும் குச்சியின் பக்கவாட்டு. வழவழப்பான தாளில் பிடிக்காது, கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். தாளில் ஏறிய சிவப்பை முழுக்க அழிப்பதும் கடினம், சட்டைக் கறையைப் போல. 

ஓவியர் ரூபன்ஸ் சுமார் 1617இல் வரைந்த, கொரிய உடை அணிந்த மனிதரின் படம் இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகன்ற அங்கி முழுக்கக் கறுப்புச் சோக்கு. சிவப்பு முகத்தில் மட்டும், அதுவும் அங்கங்கே தொட்டு வைத்ததுதான். முகத்தில் இரத்தம் ஓட அவ்வளவு போதுமாயிருந்தது. ஓவியர் ஹோல்பைன் இன்னும் கெட்டிக்காரர்: 1532க்குப் பிந்தைய தம் இங்கிலாந்துப் படங்களுக்குத் தாளிலேயே இளஞ்சிவப்புப் பூச்சைத் தடவிக்கொண்டார். தோலுக்குத் தனி நிறம் தேடும் வேலை மிச்சம். துணியின் நிறத்தைப் படத்திலேயே எழுதி வைத்தால் முடிந்தது! வின்ட்சர் கோட்டையில் அவருடைய முகப்படங்கள் சுமார் 80 இருக்கின்றன.

மறுபடி புத்தளக் கரைக்கு வந்தால், இங்கே வெள்ளைக்கும் குறைவில்லை. அருவக்காட்டில் செம்மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புக்கல். அது ரயிலேறிச் சீமெந்து ஆலைக்குப் போகிறது. பாலாவிப் பக்கம் உப்பளங்கள். கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னால் படிவது ஜிப்சம். இன்றைய பள்ளிக்கூட வெண்கட்டி பெரும்பாலும் அந்த ஜிப்சத்தால் ஆனது.

சட்டை இன்னும் ஊறுகிறது. அடுத்த கடிதம் கற்பிட்டியிலிருந்து.