நாடி சொன்ன உண்மை

உயிர் இறைவன் தந்த கொடை. அதைக் காப்பது மருத்துவர்களின் கடமை மட்டுமன்று. அருகில் நிற்கும் ஒவ்வொருவரின் கடமையுமாகும். ஏட்டில் படித்திருந்த இந்த உண்மையை, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு நடந்த இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சியில் கைகளால் செய்து கற்றோம்.

பயிற்சியளிக்க வந்த செவிலியர் எங்களை இருவர் இருவராகப் பிரித்தார். ஒருத்தி பாயில் படுத்தாள். மற்றவள் அருகே மண்டியிட்டாள். முதலில் அந்த இடத்தில் ஆபத்து ஏதும் உண்டா என்று சுற்றிலும் பார்க்க வேண்டும். அடுத்து தோளைத் தட்டி அழைக்க வேண்டும். தெளிவாகப் பேசுகிறாரா, குரலுக்குக் கண் திறக்கிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்குமே அசைவில்லையா என்பவை நினைவின் நான்கு படிகள். பீறிடும் இரத்தத்தை உடனே அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னர் மூச்சு வழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நினைவிழந்தவருக்குத் தண்ணீர் புகட்டவே கூடாது; அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும்.

நாடி பார்க்கக் கட்டைவிரல் ஆகாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு. பெரியவர்களுக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையும், மூச்சு 12 முதல் 20 வரையும் இருப்பது இயல்பு. இவற்றை ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து எண்ணிப் பழகினோம்.

இரண்டாம் நாள், மிதிவண்டியிலிருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டவளாக எங்கள் தோழி ஒருத்தி நடித்தாள். "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்றாள். செவிலியர் தந்த முதல் சீட்டில் நாடி 92, மூச்சு 18. ஐந்து நிமிடம் கழித்து வந்த சீட்டில் நாடி 118, மூச்சு 26; கைகள் சில்லிட்டு வியர்த்திருந்தன. மூன்றாவதில் நாடி 136. குரல் கொடுத்தால்தான் கண் திறந்தாள். வெளியே ஒரு துளி இரத்தமும் இல்லை. உள்ளே கசியும் இரத்தத்தை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்கிறது என்றும், இரத்த அழுத்தம் பிந்தித்தான் விழும் என்றும் செவிலியர் விளக்கினார். ஆகவேதான் நிலை தடுமாறும் நோயாளியை 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், நிலையாக இருப்பவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் மீண்டும் சோதிக்கிறார்கள். ஒருமுறை பார்த்தது போதாது, மாற்றமே செய்தி.

"ஒன்றுமில்லை" என்ற சொல்லை நாங்கள் வேறெங்கோ கேட்டதில்லை. எங்கள் வீடுகளில்தான் கேட்கிறோம். அடுப்படியில் தலை சுற்றினாலும் அம்மாக்கள் அதைத்தான் சொல்வார்கள். இனி அந்தச் சொல்லோடு நாங்கள் விட்டுவிட மாட்டோம். அருகில் அமர்ந்து கையைப் பிடித்து எண்ணுவோம்.

வேதாகமத்தின் நல்ல சமாரியர் விலகிச் செல்லவில்லை. நெருங்கி வந்து பார்த்தார். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரை நம் நாட்டுச் சட்டமும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாக்கிறது. 2008 முதல் நம் மாநிலத்தில் 108 வண்டியும் உண்டு. அது வந்து சேரும்வரை நோயாளிக்குத் துணை, பக்கத்தில் இருப்பவரின் கைகளே. தோழியரே, அக்கைகள் நம்முடையவையாகட்டும்!