உப்புக் காற்று

பட்டினப்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிகளைத் தின்று தீர்த்துவிட்டு, சென்ற மாதம் என் மருமானின் மடிக்கணினியிலும் வாய் வைத்துவிட்டது. எட்டு மாதம் எழுதிய நிரல் அதற்குள்ளே! நான் பதறினேன். அவனோ நிதானமாகக் காப்பியை ஆற்றிக் கொண்டிருந்தான்.

"சர்வரில் எல்லாம் இருக்கிறது, மாமா!"

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் ஏற்பாடாம் அது. எழுதியதைப் பதிந்து 'புஷ்' செய்தால் சர்வருக்குப் போகும். 'புல்' செய்தால் வீட்டுக்கு வரும். இரண்டு இடத்திலும் முதல் நாள் தொட்டு உள்ள சரித்திரம் முழுவதும் இருக்கும். யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார் என்பது உட்பட. உ. வே. சாமிநாதையர் ஏட்டுக்கு ஏடு பாடபேதம் பார்க்க ஊர் ஊராக அலைந்ததை நினைத்துக் கொண்டேன்.

சர்வரில் இருப்பது வெறும் பெட்டகம். அங்கே உட்கார்ந்து ஒருவரும் எழுதுவதில்லை. எழுதுகிறவர் கையிலுள்ள தாளை இன்னொருவர் மாற்றி வைத்தால் என்ன ஆகும்? அப்படி நேரும்போலிருந்தால் கிட் 'புஷ்'ஷையே மறுத்துவிடுமாம். கண்டிப்பான குமாஸ்தா!

மாலையில் வேறொரு கணினியில் 'குளோன்' செய்தான். சில நிமிஷத்தில் எல்லாம் வந்து இறங்கிற்று. பிறகு ஏனோ அவன் முகம் சுருங்கியது.

"என்னடா?"

"கடைசி மூன்று நாள் எழுதியதை அனுப்பவில்லை, மாமா."

அன்றிரவு அவன் அறையில் விளக்கு வெகுநேரம் எரிந்தது.