லிங்கி: செம்மண் பாதையில் ஒரு காலை

'கிரேவல் பைக்' என்பது கல்லும் மண்ணும் கலந்த பாதைக்கென்றே அகல டயர் போட்ட சைக்கிள். அதற்கு ஏற்ற இடம் லிங்கி வட்டாரத் தோட்டங்கள். ரப்பர் நின்ற மேடுகளில் இன்று செம்பனை. ஆனால் பால் வெட்டப் போன நம் தாத்தாக்கள் சைக்கிள் மிதித்த மண் சாலைகள் இன்னும் கிடக்கின்றன.

இங்கிலாந்துக் கிராமங்களில் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தந்தது. இங்கே தோட்டம் தனியார் நிலம். நம்மவர்கள் வெட்டிப் போட்ட பாதைதான். ஆனாலும் வாயிற்காவலரிடம் கேட்டுத்தான் நுழைய வேண்டும். கேளுங்கள்.

மழை பெய்த மறுநாள் வேண்டாம், செம்மண் சக்கரத்தை விடாது. விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பெங்காலான் கெம்பாஸ் போய், 1467-ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் நெடுங்கற்களையும் பார்க்கலாம்.

வழியில் சிறு கோயில் தென்பட்டால் இறங்குங்கள். லயங்கள் இடிந்த இடத்தில், நம் சனம் வாழ்ந்ததற்கு அதுதான் சாட்சி.