சிரிக்க வைப்பவர்: லிவிங் ஸ்மைல் வித்யா

தமிழ் சினிமாவில் ஒரு காமெடி சீன் எழுதுவது ரொம்ப சுலபம். ஹீரோவும் அவரோட நண்பரும் தெருவில் நடந்து வருவார்கள். எதிரே ஒரு திருநங்கை வருவார். கையைத் தட்டுவார், கன்னத்தைத் தடவுவார், நண்பர் அலறியடித்துக்கொண்டு ஓடுவார். தியேட்டரே சிரிக்கும். அவ்வளவுதான், சீன் முடிந்தது. வசனம்கூடத் தேவையில்லை!

இப்படி எல்லோரும் பார்த்துச் சிரித்த ஒரு கூட்டத்திலிருந்தே ஒருவர் மேடையேறி, எந்த இடத்தில் சிரிப்பு வரவேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தால் எப்படி இருக்கும்? அப்படிச் செய்தவர்தான் லிவிங் ஸ்மைல் வித்யா. நடிகை, எழுத்தாளர், கோமாளி நடிப்பை முறையாகப் படித்தவர். பெயரிலேயே சிரிப்பை வைத்துக்கொண்டவர்.

1982இல் திருச்சியில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். பையன் நன்றாகப் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்று அப்பா நினைத்த வீடு. வித்யாவும் படித்தார். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் எம்.ஏ. முடித்தார். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவருக்குள் இருந்தது ஒரு பெண். அதை மறைத்துக்கொண்டு வாழ முடியாது என்று முடிவு செய்தபோது, எம்.ஏ. பட்டம் அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. வீட்டை விட்டுப் புனேவுக்குப் போய் திருநங்கைகளோடு சேர்ந்தார். அங்கே ரயிலில் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிக் காசு கேட்டார். திருநங்கைகள் இதை 'கடை கேட்பது' என்று சொல்வார்கள். முதுகலைப் பட்டம் வாங்கியவர் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் கை நீட்டினார்... அப்படிச் சேர்த்த காசில்தான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு முழுமையான பெண்ணானார்.

பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும். வித்யா முடிக்கவில்லை. தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து, மதுரையில் கிராம மக்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எல்லோரையும் போல காலையில் ஆபீஸ், மாதக் கடைசியில் சம்பளம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். அவர் பட்ட பாடெல்லாம் அந்தச் 'சாதாரணத்துக்காக'த்தான்! ஆள் ஒரு பெயரில் இருக்க, சர்டிபிகேட்டில் இன்னொரு பெயர் இருந்தால் எந்தக் கதவும் லேசில் திறக்காது. பெயரை மாற்ற அலைந்த அலைச்சலை அவரே எழுதியிருக்கிறார்.

திருப்பூரில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். எந்தத் தெருவுக்குள் போனாலும் பனியன் கம்பெனி கேட்டில் 'டைலர் தேவை, செக்கிங், பேக்கிங்கிற்கு ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்கும் ஊர் இது. எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடும் ஊர். அதே ஊர் வழியாகப் போகும் ரயிலில்தான் திருநங்கைகள் கைதட்டிக் காசு கேட்டு வருகிறார்கள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிட வேண்டியதுதானே?" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் தவறாமல் வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தன் கம்பெனியில், தன் பக்கத்து மெஷினில் ஒரு திருநங்கை உட்கார்ந்து ஓவர்லாக் அடிப்பதை ஒத்துக்கொள்வாரா? வேலை தேவை என்ற போர்டும் இருக்கிறது, வேலை கேட்டு வரும் ஆளும் இருக்கிறார், ஆனால் இருவரும் சந்திப்பதில்லை. பொருளாதாரப் பாடத்தில் வரும் டிமாண்ட், சப்ளை எல்லாம் இங்கே வேலை செய்வதில்லை, பாருங்கள்.

சரி, வித்யாவிடம் வருவோம். தன் கதையை அவர் 'நான் வித்யா' என்று புத்தகமாக எழுத, 2007இல் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. அடுத்த வருடம்தான் தமிழக அரசு திருநங்கைகளுக்கென்று நலவாரியமே அமைத்தது. வித்யா அதோடு நிற்காமல் சினிமா பக்கம் போனார். மிஷ்கினின் 'நந்தலாலா'வில் (2010) உதவி இயக்குநராக வேலை செய்தார். நாடகங்களில் நடித்தார். 2013இல் சார்லஸ் வாலஸ் உதவித்தொகை கிடைத்து லண்டனுக்குப் போய் நாடகம் படித்தார். திரும்பி வந்து ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் இருவரோடும் சேர்ந்து 'பன்மை' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அவர்களுடைய 'கலர் ஆஃப் டிரான்ஸ்' நாடகத்தில் நடிப்பவர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையையே நடித்துக் காட்டுவார்கள்.

கோமாளி என்றால் நமக்கு ஒன்றும் புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வான், ராஜா ஒன்றும் செய்யமுடியாது. நாடகத்தில் ஆண்கள் ஸ்திரீபார்ட் போட்டதும் இங்கேதான். அவ்வையார் வேஷம் கட்டிய டி.கே.சண்முகத்துக்கு 'அவ்வை' என்பதே பட்டப்பெயராக நிலைத்தது. அதாவது, மேடையில் ஒரு ஆண் பெண்ணாக நின்றால் கைதட்டுவோம். மேடையை விட்டு இறங்கியும் பெண்ணாகவே வாழ்ந்தால்தான் துரத்துவோம்!

2015ஆம் வருடம் இதற்கு நல்ல உதாரணம். பொங்கலுக்கு ஷங்கரின் 'ஐ' வந்தது. அதில் வரும் திருநங்கை கதாபாத்திரத்தைக் காட்டிய விதத்தை எதிர்த்து வித்யா ஷங்கருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே வருடம் தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டன. வித்யாவின் புத்தகத்தை வைத்து லிங்கதேவரு எடுத்த கன்னடப் படம் 'நானு அவனல்ல அவளு'. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகர் விருது. (பாவம், 2021இல் ஒரு விபத்தில் இறந்துவிட்டார்.) அவர் அருமையாகத்தான் நடித்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு உறுத்தல். திருநங்கையின் கதைக்கு விருது கிடைக்கிறது, அந்த வேஷம் மட்டும் திருநங்கைக்குக் கிடைப்பதில்லை. கதை எழுதியவரே ஒரு நடிகையாக இருந்தும்!

2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பு சொன்னது. சட்டப்படி பார்த்தால் வித்யாவுக்கு இனி எல்லாம் நல்லபடி நடந்திருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், சில வருடங்களில் அவர் சுவிட்சர்லாந்துக்குப் போய் அங்கே தஞ்சம் கேட்டார். திருநங்கை என்பதோடு தலித் என்பதும் சேர்ந்துகொண்டால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று அவர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தமிழில் மொழியியல் படித்து, தமிழில் எழுதி, தமிழில் நடித்த ஒருவர், தமிழ் தெரியாத ஊரில் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இழந்தது யார் என்று யோசித்தால், வித்யா மட்டும் இல்லை என்று புரியும்.

ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதும், அவரோடு சேர்ந்து சிரிப்பதும் ஒன்றல்ல. வித்யா இத்தனை வருடமாகத் தன் நடிப்பில் காட்டிக்கொண்டிருப்பது இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான். அடுத்த முறை டிவியில் அப்படி ஒரு காமெடி சீன் வந்தால், சிரிப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். கையைத் தட்டிக்கொண்டு வரும் அந்தக் கதாபாத்திரத்துக்கு, ஒரு பெயராவது வைத்திருக்கிறார்களா?