எண்பத்து மூன்று விசைகள்

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902ஆம் ஆண்டில். காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்னாற்றல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழி ஓடிச் சுரங்கத்தை அடைந்தது. பெங்களூரு நகரமே அதற்குப் பின்னர்தான் மின்விளக்கைக் கண்டது. ஆகவே கம்பியைக் கையாளும் தொழில் அவ்வூரில் பல குடும்பங்களுக்குப் பரம்பரைச் சொத்து. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தில் பிறந்த முதியவர் ஒருவரும் சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்தார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அவருடைய கருவிப்பெட்டி பரண்மேல் ஏறியது.

அவருடைய பெயரன் பெங்களூருவில் படிக்கிறான். அவன் கைப்பேசியில் அனுப்பும் செய்திகள் தமிழ்தான், எழுத்தோ ஆங்கிலம். முதியவர் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டு ஒலித்துப் பார்த்துப் பொருள் கொள்வார். பாதியை ஊகிப்பார், மீதியைக் கேட்கக் கூச்சப்படுவார். இதனால் பல செய்திகளுக்கு அவரிடமிருந்து மறுமொழியே போவதில்லை. தாத்தாவுக்குத் தன்னோடு பேச விருப்பமில்லை போலும் என்று சிறுவன் எண்ணிக்கொண்டான்.

ஒரு கோடை விடுமுறையில் இருவரும் இராபர்ட்சன்பேட்டையின் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஒரு விசைப்பலகையைக் கண்டனர். அது கணினி முனையத்திற்கு உரியது. முனையம் என்பது திரையும் விசைப்பலகையும் மட்டுமே. கணக்கிடும் பெரிய கணினி வேறோர் அறையில் இருக்கும். பலகையின் இடுக்குகளில் சயனைடு மேடுகளிலிருந்து காற்று அள்ளி வந்த வெண்புழுதி படிந்திருந்தது.

"தாத்தா, இது வேலை செய்யுமா?" என்றான் சிறுவன்.

அன்று மாலையே கருவிப்பெட்டி பரணிலிருந்து இறங்கியது.

புதிய விசைப்பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செலவான நாள்களை எண்ணினால் இது இலாபமான வேலையன்று. முதலில் விசைகள் இருந்த இடங்களைத் தாளில் வரைந்துகொண்டனர். பின்பு விசைமூடிகளைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினர். மொத்தம் 83 மூடிகள். அடியிலிருந்த செப்புத் தடங்கள் பல இடங்களில் அரித்துப் போயிருந்தன. எனவே அவற்றை விட்டுவிட்டுக் கம்பிகளைப் புதிதாக இழுப்பதென முடிவாயிற்று.

"எண்பத்து மூன்று விசைக்கு எத்தனை கம்பி வேண்டும்?" என்று தாத்தா கேட்டார். "நூற்று அறுபத்தாறு" என்றான் சிறுவன். பத்தொன்பது போதும் என்றார் அவர்.

தங்கவயலில் தொழிலாளர் வீடுகள் 'லைன்' எனப்படும் வரிசைகளாக அமைந்தவை. அதையே அவர் எடுத்துக்காட்டினார். எட்டு நிரைகளும் பதினொரு நிரல்களும் குறுக்கிட்டால் 88 சந்திப்புகள் உண்டாகும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. காவலாள் ஒவ்வொரு லைனாகச் சென்று எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதுபோல, ஒரு சிறு சில்லு நிரைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மின்னழுத்தம் கொடுத்து நிரல்களைச் சோதிக்கிறது. ஒரு நொடியில் அது பல நூறு முறை சுற்றிவருவதால் விரலின் வேகம் அதற்குப் பெரிதன்று.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒருசேர அழுத்தினால், மின்னோட்டம் சுற்றுவழியில் புகுந்து, அழுத்தாத நான்காம் விசையும் அழுந்தியதாகக் காட்டும். இதைத் தடுக்க ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வேண்டும். அது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். டையோடுகளும் சில்லுப் பலகையும் பெங்களூருவின் எஸ்.பி. சாலையில் வாங்கப்பட்டன. முதியவரின் கை நடுங்கியது. ஒரு நாளைக்குப் பத்து டையோடுகளுக்குமேல் அவரால் ஈயம் வைத்துப் பற்றவைக்க இயலவில்லை. சிறுவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சில்லுக்குரிய நிரலையும் அவனே எழுதினான்.

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. விசைக்குரிய எண்ணையே அனுப்புகிறது. அதை எழுத்தாக்குவது கணினி. எனவே 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டின் வழி உருவான 'தமிழ்99' அமைப்பைக் கணினியில் தேர்ந்தெடுத்தனர். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. மூடிகளின்மேல் அவ்வெழுத்துகளை வெள்ளை வண்ணத்தால் முதியவரே எழுதினார்.

சிறுவன் முதன்முதலாகத் 'தாத்தா' என்று அழுத்தினான். திரையில் 'மாம்மா' என்று வந்தது.

சிரித்து முடித்தபின் முதியவர் மற்ற விசைகளையும் அழுத்திப் பார்த்தார். தகரமும் மகரமும் மட்டுமன்றி, அவற்றின் மேலிருந்த டகரமும் னகரமும் இடம் மாறியிருந்தன. ஒரு விசை மட்டும் தவறினால் குறை அவ்விசையில் இருக்கும்; நிரல் முழுவதும் மாறினால் கம்பிகள் மாறியுள்ளன என்று பொருள். அவர் இரண்டு கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தார். தாத்தா தாத்தாவானார்.

விடுமுறை முடிந்து சிறுவன் விசைப்பலகையை எடுத்துக்கொண்டு மாரிக்குப்பத்தில் பெங்களூரு இரயில் ஏறினான். சில நாள்களில் முதியவரின் கைப்பேசிக்குத் தமிழ் எழுத்தில் ஒரு செய்தி வந்தது: 'தாத்தா, நாளை பல்லிக்கு விடுமுறை.'

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தார். லகரமும் ளகரமும் ஒரே நிரலில்தான் இருந்தன. ஆனால் அதே செய்தியில் 'நாளை' என்பதில் ளகரம் சரியாக விழுந்திருந்தது. குறை கம்பியில் இல்லை.

'பல்லிக்கு விடுமுறை சரி, உனக்கு?' என்று அவர் மறுமொழி அனுப்பினார்.