சுண்ணாம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

விழுப்புரம் மாவட்டத்து இரும்பைக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் மாகாளேசுவரரைப் பார்க்கத்தான். சம்பந்தர் பாடிய தலம். வெடித்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்து வைத்திருக்கிறார்கள். வெடிக்கப் பாடியவர் கடுவெளிச் சித்தர் என்பது ஊர்க்கதை. உதிர்ந்த இலையைத் தின்று தவம் கிடந்தவரின் கையில் ஒரு தாசி மெல்லிய அப்பளத்தை வைத்தாளாம். நாக்கு விழித்தது, தவம் கலைந்தது. அப்படிப்பட்ட ஊருக்கு ருசி பார்க்கவென்றே வருவதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

கூட வந்த நண்பருக்குப் புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் ஒயின் பரிமாறும் வேலை. எந்த ஒயினுக்கு எந்த மீன், எந்த ஆட்டுக்கறிக்கு எந்தச் சிவப்பு என்று வெள்ளைக்காரர்களுக்கே சொல்லிக்கொடுப்பார். குளிர்ப்பிரதேசத்து ஒயின்தான் சாப்பாட்டோடு சேரும் என்பது அவர் கட்சி. ஜெர்மனியின் மோசெல் கரையில் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது. இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. அந்தப் புளிப்புதான் எண்ணெயையும் கொழுப்பையும் வெட்டுகிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எங்கே?" என்று அவர் கேட்டதால்தான் மாசிப் பனியில், விடிவதற்கு முன்பே, இரும்பைக்குப் பக்கத்துத் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டுக்கு அவரை இழுத்து வந்தேன்.

செம்மண் பாதை, இரு பக்கமும் முந்திரி. அதைத் தாண்டி வரப்போரம் வரிசையாகப் பனை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனையேறி பாதி மரத்தில் இருந்தார். காலில் தளைக்கயிறு, இடுப்பில் பாளை சீவும் அரிவாள், முதுகுப் பக்கம் தொங்கும் குடுவை. அறுபதைத் தாண்டிய உடம்பு. நெஞ்சில் மரம் உரசிக் காய்த்த தழும்பு இருட்டிலும் தெரிந்தது.

இது ஆண்பனைப் பருவம். விரல்விரலாக நீளும் பாளைகளைக் கட்டி, கடிப்பு என்ற கருவியால் நாள்கணக்கில் நசுக்கிப் பதப்படுத்தினால்தான் ஊறத் தொடங்கும். பிறகு தினமும் சீவ வேண்டும், தாள் கனத்துக்கு. ஒரு நாள் விட்டாலும் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். காய்ச்சல் வந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் மரம் காத்திருக்காது. திராட்சைத் தோட்டக்காரனுக்கு வருஷத்துக்கு ஓர் அறுவடை. இவருக்கு அன்றாடம் அறுவடை, அதுவும் தலைக்கு மேலே.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தது. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் சாற்றின் சர்க்கரையைத் தின்னத் தொடங்கினால் அது கள். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுத்தால் பதநீர். "பனி நல்லா எறங்கினா சுண்ணாம்பு கம்மியாவே போதும் சார். சித்திரையில அள்ளிப் பூசணும். அப்போ குடிச்சா நாக்கு மரமரன்னு இருக்கும்" என்றார் பனையேறி.

நண்பரின் முகம் மாறியது அங்கேதான். குளிரில் நொதிப்பு தாமதமாகும் என்பது அவருக்குத் தெரிந்த பாடம். அது பனை உச்சியிலும் நடக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. நாசிக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் இதே வித்தைதான்: மழை ஓய்கையில் கொடியைக் கவாத்து செய்து, குளிர்காலத்தில் பழுக்கவிட்டு, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறித்துவிடுகிறார்கள். வெயில் நாட்டுக்காரன் குளிர்ச்சியைத் தேட வேண்டியது வரைபடத்தில் அல்ல, பஞ்சாங்கத்தில். பனையேறி இன்னும் ஒரு படி மேலே போய்க் கடிகாரத்தில் தேடுகிறார்.

ஓலைப்பட்டையை மடித்து ஊற்றிக் கொடுத்தார். முதலில் பச்சை ஓலை வாசம். பிறகு தித்திப்பு, ஆனால் திகட்டாதது. கடைசியில் தொண்டையில் மெல்லிய சுண்ணாம்புக் கடி. நண்பர் பழக்கதோஷத்தில் பட்டையைச் சுழற்றினார். பாதி மணிக்கட்டில் வழிந்தது. பனையேறி சிரிக்கவில்லை. "மொண்டு குடி தம்பி, அது இன்னும் கெடக்கு" என்றார்.

நண்பர் பையிலிருந்து ஆரோவில் சீஸ் ஒரு துண்டை எடுத்தார். சரிப்படவில்லை. பதநீரின் காரமும் பாலின் கொழுப்பும் சேர்ந்து வாயில் சோப்பு வாடை அடித்தது. ஜோடி கிடைத்தது பனையேறியின் தூக்குச்சட்டியில்: பழைய சோறும் சுட்ட கருவாடும். உப்புக் கருவாட்டைக் கடித்து, மேலே ஒரு வாய் பதநீர். பிரான்சில் சோத்தேர்ன் இனிப்பு ஒயினோடு உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் சீஸைப் பரிமாறுவார்கள் என்று நண்பர் பரவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பனையேறி கருவாட்டு முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தார். மாங்காய்க் கீற்று போட்டால் இன்னும் நன்றாக இருக்கும், நுங்கு வரும்போது கேட்கவே வேண்டாம் என்று இடையில் ஒரு வரி சொன்னார்.

பாளையின் ருசி இதோடு முடிவதில்லை. மீதியை அறிய எல்லையைத் தாண்ட வேண்டும். புதுச்சேரி இங்கே ஒரே துண்டாக இல்லை. வானூர் வட்டாரத்து ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறது. சேதராப்பட்டு புதுச்சேரி, இரும்பை தமிழ்நாடு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடையை அரசே ஏலம் விடுகிறது. இங்கே கலயத்தைத் தொட்டுப் பார்த்து, சுண்ணாம்பு இருக்கிறதா என்று விசாரிக்க ஆள் வரும்.

புதுவைப் பக்கத்துக் கடையொன்றில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். காலைக் கள்ளில் இனிப்பு இன்னும் மிச்சமிருந்தது. நுரை நாக்கைக் கிள்ளியது. அதற்கு அவித்த வேர்க்கடலை போதும். வெயில் ஏற ஏறப் புளிப்பு கூடியது. அப்போது வந்த நெத்திலி வறுவலும் மிளகு தூக்கலான நத்தைக்கறியும்தான் அன்றைய உச்சம். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு துடைத்தெடுத்தது. காலையில் தோற்ற சீஸ்கூட இங்கே பொருந்தியது. மோசெலுக்கு அவர் சொன்ன இலக்கணம் அத்தனையும் இதற்கும் பொருந்துகிறது. ஒரு வித்தியாசம்தான்: அந்த ஒயின் பல வருஷத்தில் அடையும் மாற்றத்தை இது ஒரே பகலில் அடைந்து, மாலைக்குள் காடியாகிவிடுகிறது.

கள் குடித்தால் கேடில்லை என்று நான் வாதாட வரவில்லை. போதை போதைதான். ஆனால் 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் தமிழ்நாட்டு அரசு, ஆலையில் வடித்த சரக்கை விற்றுக்கொண்டே, மரத்தில் ஊறுவதை மட்டும் குற்றமென்பது எனக்கு விளங்கவில்லை. 2023இல் இதே மாவட்டத்து எக்கியார்குப்பத்தில் ஆட்களைக் கொன்றது மெத்தனால், பனையல்ல. கம்பம் பன்னீர் திராட்சைக்கு அதே ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலிருந்து ஒயின் எடுக்கலாம், தடையில்லை. 1978இல் மாநில மரமாக்கப்பட்ட பனைக்குத்தான் பாதி ருசியோடு நிற்கச் சொல்லி உத்தரவு.

திரும்பும் வழியில் மறுபடி பனையேறியைப் பார்த்தோம். விற்காத பதநீரை அகல வாணலியில் காய்ச்சிக்கொண்டிருந்தார் அவர் மனைவி, பனைவெல்லத்துக்கு. மகன் திண்டிவனத்தில் லாரி ஓட்டுகிறானாம். புட்டியில் அடைத்து விற்கலாமே என்று நண்பர் கேட்டார். "அடைச்சா வெடிக்கும், காய்ச்சினா ருசி போவும். குடிக்கிறவன்தான் இங்க வரணும்" என்றார் அந்த அம்மா, துடுப்பை நிறுத்தாமலே.

"பங்குனி தாண்டி வாங்க. பொட்டப்பன பதனி வரும், அது வேற மாதிரி" என்று பனையேறி சேர்த்துக்கொண்டார். நண்பர் அப்போதே ஓட்டலுக்குப் போன் போட்டு விடுப்பு கேட்டார்.