மயிலாப்பூரில் ஒரு வனவாசி

தேசபக்தி என்றவுடன் நமக்குக் கொடியும் கோஷமும் சிறைவாசமும் நினைவுக்கு வருகின்றன. வருவது நியாயமே. ஆனால் தேசம் என்பது அதில் வாழும் மனிதர் மட்டுந்தானா? அதன் ஆலும் வேம்பும், ஆந்தையும் அணிலும், மலைச்சாரலில் மேயும் காட்டெருதும் தேசத்தில் சேர்ந்தவை அல்லவா? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தார். அவர் ஸ்ரீ மா. கிருஷ்ணன்.

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டிப் புதல்வர் என்றால் நேயர்களுக்கு உடனே விளங்கும். எட்டுக் குழந்தைகளில் இளையவராய் 1912-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். மாதவையா சர்க்கார் உத்தியோகத்திலிருந்து விலகியபின் மயிலாப்பூர் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் வீடு கட்டி, அச்சுக்கூடமும் நிறுவினார். இன்று ராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்குவது அதுவே. இப்போது அங்கே தெருவைக் கடந்து எதிர்ப்புறம் சேர்வதே ஒரு சாகசம். அந்நாளிலோ சுற்றுப்புறமெல்லாம் புதர்க்காடு. நரியும் வெளிமானும் திரிந்த இடம். பையன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்துக்கொண்டு அந்தப் புதர்களிலேயே தன் முதற்பாடத்தைப் படித்தான். 1925-ல், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று சென்னைச் சர்வகலாசாலையின் செனட் சபையில் வாதாடிய மாதவையா, அந்தச் சபையிலேயே உயிர் நீத்தார். மகனுக்கு அப்போது வயது 13.

மாநிலக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் பயின்றார் கிருஷ்ணன். பேராசிரியர் பைசனுடன் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் செடிகொடி தேடி அலைந்தார். பின்னர்ச் சட்டமும் படித்தார். பட்டங்கள் இருந்தும் நிலையான உத்தியோகம் எளிதில் அகப்படவில்லை. 1942-ல் பல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. உபாத்தியாயர், நியாயாதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் காரியதரிசி என்று பல அவதாரங்கள். (முதல் அவதாரத்தைப் பற்றி நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு என்பதை மறைப்பானேன்?) ஓய்ந்த நேரத்தில் காட்டில் அலைந்தார், ஆடு மேய்த்துப் பார்த்தார், கடிதம் கொண்டு செல்லப் புறாக்களைப் பழக்கினார். 1949-ல் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. கிருஷ்ணன் மயிலாப்பூர் திரும்பினார். அதன்பின் எவரிடமும் சம்பளத்துக்கு நிற்கவில்லை. பேனாவும் தூரிகையும் காமிராவுமே பிழைப்பு. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற தைரியத்தில் குடும்பம் நடத்தும் நம் போன்றவர்களுக்கு, மனைவியையும் மகனையும் வைத்துக்கொண்டு இவ்வாறு துணிவது எத்தகைய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-ல் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள் 1996 வரை, 46 வருஷம், வெளிவந்தன. சித்திரமும் அவரே வரைவார். புலியும் யானையும் அவற்றில் உண்டு. எனினும் நம் மனத்தைக் கவர்பவை காக்கை, பல்லி, தேரை, மைனா இவற்றைப் பற்றிய குறிப்புகளே. கொல்லைப்புறத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரத் தெரிந்தவனுக்கு ஆப்பிரிக்கா செல்ல வேண்டிய அவசியமில்லை என்பதை அவற்றைப் படித்தால் உணரலாம்.

பெரிய மிருகங்களை ஆராய 1968-ல் நேரு நிதியின் உதவிச் சம்பளம் கிடைத்தது. காட்டில் கால்நடையாகவும், வளர்ப்பு யானையின் முதுகிலும் திரிந்து படம் பிடித்தார். அவருடைய காமிரா பல இயந்திரங்களின் உறுப்புகளைக் கோத்துத் தாமே அமைத்துக்கொண்டது. கண்டவர்கள் சிரித்தார்கள்; படங்களைக் கண்டபின் சிரிப்பு நின்றது. வர்ணப் படம் எங்கும் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பிடிவாதக்காரர்தாம். அந்தப் பிடிவாதம் இல்லாவிடில் 46 வருஷம் ஏது?

அவருடைய பிடிவாதங்களில் தலையாயது நம் நாட்டு மரங்களைப் பற்றியது. மனிதனின் நாகரிகம் மாறிக்கொண்டே இருப்பது. ஒரு நாட்டுக்கு அடையாளம் தருபவை அதன் நிலமும் செடிகொடிகளும் பிராணிகளுமே என்பது அவர் சித்தாந்தம். ஆகவே அழகுக்காக அந்நிய மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் வெறுத்தார். நாம் கொஞ்சிக் கொண்டாடும் குல்மோஹர் மடகாஸ்கர் தீவினது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்காவினது. தைல மரம் ஆஸ்திரேலியாவினது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, வேர் ஆழமில்லாத இத்தகைய மரங்கள் பல தெருவுக்குத் தெரு சாய்ந்து கிடந்தன. அதைக் காண அவர் இல்லை.

சென்ற வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நமது பள்ளி மைதானத்துக்கு அழைத்துச் சென்று, மரங்களின் பெயரை எழுதச் சொன்னோம். பெரும்பாலோர் வேம்போடு நின்றுவிட்டனர். பரீட்சையில் எப்போதும் பின்தங்கும் ஒரு பையன் மட்டும் மளமளவென்று சொன்னான். அவன் வீட்டில் ஆடு மேய்க்கிறார்கள்.

“இது வெள்வேலு சார். இதோட நெத்துன்னா ஆட்டுக்கு உசிரு” என்றான்.

“அந்தத் தைல மரம்?”

“அது எதுக்கும் ஆவாது சார். ஆடு வாயே வைக்காது. அடியிலே புல்லும் முளைக்காது.”

கிருஷ்ணன் பல கட்டுரைகளில் நிலைநாட்டிய விஷயத்தை இவன் நான்கு வார்த்தையில் முடித்துவிட்டான்! அந்த வெள்வேலை, சைக்கிள் கொட்டகைக்காக வெட்டுவதென்று பேச்சு நடக்கிறது. கொட்டகையைப் பத்தடி தள்ளிப் போடலாம் என்று நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இல்லை. மரம் இன்றுவரை நிற்கிறது.

தமிழுக்காக வாதாடி உயிர் விட்டவரின் மகன் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினாரே என்று நமக்கு ஒரு குறை உண்டு. ஆயினும் தமிழை அவர் கைவிடவில்லை. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’, பெருமாள்முருகன் தொகுத்த ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்ற இரண்டு நூல்களையும் வீட்டில் பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம். சாஸ்திர விஷயத்தை இத்தனை தெளிந்த தமிழில் சொன்னவர்கள் அதிகமில்லை.

பத்மஸ்ரீ விருது வந்தது. 1995-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனமும் அவரைக் கௌரவித்தது. இவற்றைவிட நமக்குப் பிரியமான செய்தி ஒன்று உண்டு. தம் பேத்திக்காக, ஆங்கில அகரவரிசையில் எழுத்துக்கு ஒரு பிராணியாக எதுகையுடன் பாட்டுக் கட்டி, படமும் வரைந்து கொடுத்தார். காட்டில் யானைக்கூட்டத்தின் பின்னே நாட்கணக்கில் அலைந்த மனிதர், ஒரு குழந்தைக்காக எழுத்துக்கு எழுத்து மிருகம் தேடியிருக்கிறார்! 1996-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி, 83-ம் பிராயத்தில், சென்னையில் காலமானார். அந்தப் பாட்டுகள் அவர் மறைந்த பின்னரே புத்தகமாக அச்சேறின.